மரகதம் அத்தையின் ட்ரெபிள்

அக்டோபர் 6, திங்கள்.

இன்று ஒரு சிறு பிழையைக் கண்டுபிடித்தேன். பிழை என்னுடையது. ஆயுத பூஜையன்று வீட்டிலிருக்கும் கருவிகளுக்கெல்லாம் நான்தான் சந்தனப் பொட்டு வைத்தேன். மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை, டார்ச் லைட், தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் நோட்டில் குறித்திருக்கிறேன். நோட்டில் நாற்பத்தொன்று இருக்கிறது. வைக்கும்போது விரல் விட்டு எண்ணியது நாற்பத்துமூன்று. இரண்டு பொட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மற்ற விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பிழை பிழைதான் என்பதால் முதலில் எழுதிவிடுகிறேன்.

மற்ற விஷயம் இது. நாச்சிமுத்து மாமாவின் காரில் ட்ரெபிள், அதாவது பாட்டின் கீச்சொலி, போய்விட்டது. பூஜையன்று மாலை ஆறு மணியிலிருந்து இல்லை. போனில் பாட்டைப் போட்டால் ப்ளூடூத் வழியாகக் கார் ஸ்டீரியோவுக்கு ஒழுங்காக வருகிறது. ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. நாதஸ்வரம் எருமை கத்துவது போல இருக்கிறது. ஜால்ரா வரவே இல்லை.

கூடவே அவர் மனைவி மரகதம் அத்தையின் குரலும் போய்விட்டது. காரில் ட்ரெபிள் போனால் வீட்டிலும் போகும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமாவுக்கும் எனக்கும் குரலில் கொஞ்சம் பேஸ், அந்தக் கனத்த ஒலி, இருந்ததால் அது மிஞ்சியது. அத்தையின் குரல் முழுக்க ட்ரெபிள். ஒன்றும் மிஞ்சவில்லை.

குக்கர் விசில் கேட்பதில்லை. ஐந்து நாளில் பருப்பு மூன்று முறை அடிப்பிடித்தது. கொசு முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கிறது. அத்தை சாப்பாட்டு மேசைக்கு எதிரே நின்று வாயை அசைக்கிறாள். மாமா இரண்டாவது முறை சாதம் வாங்கிக்கொள்கிறார்.

"முப்பத்தொரு வருசத்துல இப்பத்தான் இந்த வூடு வூடாட்டம் இருக்குது, அம்மணி," என்றார் என்னிடம்.

அத்தை அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலால் தன் நெற்றியைத் தொட்டாள். தேய்த்துக் காட்டினாள். பிறகு இரண்டு விரல்களைக் காட்டினாள்.

தலைவலி என்று புரிந்துகொண்டேன். இரண்டு நாளாக வலிக்கிறது போலிருக்கிறது. தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. தைலம் நல்ல தைலம்.

வெள்ளிக்கிழமையே கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் இப்படி இருந்தது: இவ்வீட்டுக் குரல்களில் ஒன்று காணப்படவில்லை. வியாழன் மாலை நான்கு மணிக்குள் ஆஜர்படுத்தாவிட்டால், மேற்படி குரல் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று பதிவு செய்யப்படும். இப்படிக்கு, குரல் இருப்புப் பிரிவு.

நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. குரல் இருந்ததே இல்லை என்றாகிவிட்டால் அத்தை இதுவரை சொன்னதெல்லாம் சொல்லாததாகிவிடும். அவற்றில் ஒன்று எனக்கு முக்கியம். ஜூன் மாதம், என்னை மாலை வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று அத்தை மாமாவிடம் இரண்டரை மணி நேரம் சொன்னாள். பொம்பளைப் பிள்ளைக்குக் கார் வயர் எதற்கு என்று மாமா கேட்டார். அதன்பிறகு அவர் கேட்க இடமே கிடைக்கவில்லை. கடைசியில் சரி என்றார். அந்தச் சரியின் மேல்தான் நான் நான்கு மாதமாக மோட்டார் வாகன மின்சாதனம் படிக்கிறேன்.

இன்று மாலை கிளம்பும்போது மாமா வாசலில் நின்றார்.

"எங்க அம்மணி பொறப்பட்டுட்ட?"

"வகுப்புக்குங் மாமா."

"வகுப்பா? எந்த வகுப்பு? போன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதானுங்."

"நான் எப்ப சொன்னேன்?"

அவர் வியாழனுக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஒருவேளை நான் தப்பாக நினைக்கிறேனோ என்னவோ.

இதுவரை செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். வகுப்பில் கொடுத்த பட்டியல்படியே செய்தேன்.

வியாழன்: கண்ணால் பார். பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டிக் போட்டேன்.

வெள்ளி: ஈக்வலைசர். ட்ரெபிள் ஏழில் இருந்தது. அதுதான் அதிகபட்சம் என்று போட்டிருந்தது. ஆனாலும் திருகினேன். ஒன்பது வந்தது. பதினாறு வந்தது. எழுபதில் திருகு கழன்று கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு திருகு இருந்தது. அது பூஜ்யத்தில் இருந்தது. அதையும் ஏழுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். இப்படியே ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பதினான்கு திருகுகள் ஆயின. எருமை எருமையாகவே இருந்தது.

சனி: ப்ளூடூத் இணைப்பை நீக்கி மறுபடி சேர். 'இந்தச் சாதனத்தை மறந்துவிடவா?' என்று கார் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கார் மாமாவை மறந்துவிட்டது. மாமா மார்க்கெட் போகக் கதவைத் திறந்தபோது, நீங்கள் யார் என்றது. மாமா ஆதார் அட்டையைக் காட்டினார். படத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறாரே என்றது. மாமா சிரித்துக் காட்டவேண்டியிருந்தது. அன்றிலிருந்து என்மேல் கோபமாக இருக்கிறார்.

ஞாயிறு: வேறு போனை இணைத்துப் பார். அத்தையின் போனை இணைத்தேன். பலன் ஒன்றுதான். இரண்டு போனும் ஒன்றாகக் கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தை நோட்டில் எழுதினேன். பிறகு கோடு போட்டு அடித்தேன்.

இன்று வகுப்பில் தனசேகர் சாரைக் கேட்டேன். சார் சனிக்கிழமையிலிருந்து மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டராக இருக்கிறார். வகுப்புக்கு அதனால் தடை இல்லை. மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் பாடம் எடுக்கிறார். வருகைப் பதிவும் எடுக்கிறார்.

"ப்ளூடூத்த உட்டுட்டு பென் டிரைவுல போட்டுப் பாத்தியாம்மா?" என்றார்.

"இல்லீங் சார். அது ஆறாவது படி."

"இன்னைக்குப் பண்ணிற வேண்டியதுதான?"

"இன்னைக்கு ஸ்டீரியோவோட எடது வலது பேலன்ஸ் பாத்துட்டனுங். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்தணும்னு நீங்கதானுங் சொன்னீங்க."

"ஆமாமா. ரெண்ட மாத்துனா எதுனால சரியாச்சுன்னு தெரியாது. நல்ல பிள்ளை." அவர் திரையில் 1.5 என்று காட்டினார். அது பாராட்டா, பேட்டரியா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்.

செவ்வாயன்று பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன். அதிலும் ட்ரெபிள் இல்லை. ஆக, தவறு காற்றில் வரும் வழியில் இல்லை. ஸ்டீரியோவுக்குப் பிறகு எங்கேயோ இருக்கிறது. ஐந்து நாள் ப்ளூடூத்தைச் சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறேன். அதனிடம் மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். 'சாதனங்கள்' பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை.

அன்று அத்தை காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் மாமா வாங்கிவிட்டார்.

"குரல் காணாமப் போனவங்க எழுதறதெல்லாம் மனு, அம்மணி. நாம படிக்கக் கூடாது. நோட்டீசுல கீழ பொடி எழுத்துல போட்டிருக்குது பாரு."

பார்த்தேன். போட்டிருந்தது. மாமா எந்தப் பொடி எழுத்தையும் இதற்கு முன் படித்து நான் பார்த்ததில்லை. மனுவை மடித்துக் காரின் டேஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டியில் போட்டார். அது கீழே போய் விழும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

அத்தை மறுபடி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். இந்த முறை இரண்டு கையாலும் காட்டினாள்.

"எல்லாம் என்ற தலையெழுத்துங்கறா," என்றார் மாமா. "கல்யாணமான நாள்ல இருந்து சொல்றதுதான்."

நான் தைலத்தை எடுத்துவந்தேன். அத்தை அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். வலி அதிகம் போலிருக்கிறது.

புதனன்று ஏழாவது படி. வயர் போகிற வழியே போ.

ஸ்டீரியோவைக் கழற்றினேன். ட்வீட்டருக்குப் போகும் மெல்லிய வயரைப் பிடித்துக்கொண்டேன். ட்ரெபிளை மட்டும் எடுத்துப் பாடும் சின்ன ஸ்பீக்கர் அது. இரண்டு முன்கதவுகளிலும் கண்ணாடிக்குப் பக்கத்து மூலையில் ஒவ்வொன்று இருக்கிறது. வயர் தரைவிரிப்புக்குக் கீழே போனது. நானும் கீழே போனேன். அங்கே ஒரு நீண்ட நடைவழி இருந்தது. ட்யூப் லைட் போட்டிருந்தார்கள். கார் நான்கு மீட்டர் நீளம். நான் முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒருவேளை மெதுவாக நடக்கிறேனோ என்று வேகத்தைக் கூட்டினேன். நடைவழியும் நீளத்தைக் கூட்டிக்கொண்டது. நின்றேன். அதுவும் நின்றது. முன்னால் கண்ணாடி வைத்த ஒரு கவுண்டர் இருந்தது. உள்ளே ஒரு அம்மா பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். மேலே 'குரல் இருப்புப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"ஏனுங், டோக்கன் வாங்குனீங்களா?"

"எங்கீங் வாங்கணும்?"

"வாசல்லீங்."

திரும்பிப் பார்த்தேன். முக்கால் மணி நேர நடை.

"சேரி உடுங்க. யாரு குரலு?"

"எங்க அத்தை மரகதத்தோடதுங்."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். குரல் இருந்தது என்று உறுதிமொழி தரும் படிவம். குரலின் பிறந்த தேதி, நிறம், அடையாளத் தழும்பு என்று நிரப்பிக்கொண்டே போனேன். தழும்பு என்ற இடத்தில் 'மாமாவைக் கூப்பிடும்போது கடைசியில் ஒரு கீறல்' என்று எழுதினேன்.

"குரல நேர்ல ஆஜர்படுத்தறீங்களா, இல்ல சாட்சியா?"

"சாட்சின்னா?"

"வூட்டுக்குள்ள இருக்கறவங்க ரெண்டு பேரு. அவங்க பேசுனதக் காது குடுத்துக் கேட்டவங்களா இருக்கணும். சும்மா பக்கத்துல இருந்தவங்க செல்லாதுங்."

"நான் ஒருத்தி இருக்கறனுங். இன்னொருத்தரு எங்க மாமா."

அவர் பூத்தொடுப்பதை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "புருசனுங்களா?"

"ஆமாங்."

"கேட்டுப் பாருங்க," என்றார். பல வருடமாக அதே கவுண்டரில் இருப்பவர் சொல்வது போலச் சொன்னார்.

"அத்தை ஒரு மனு எழுதியிருக்காங்க. அதுல என்ன இருக்குதுன்னு—"

"வந்துருக்குதுங்." மேசைமேல் காலண்டர் தாள் மடித்தபடி இருந்தது. "எழுதுனவங்க வாயால சொன்னதுக்கப்பறம்தான் பிரிக்க முடியும். அப்பத்தான ரெண்டும் ஒண்ணான்னு சரிபாக்க முடியும்?"

அது நியாயமாகப் பட்டது. வீடு திரும்பும் வரை நியாயமாகவே பட்டது.

மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பேப்பரை மடித்து வைத்தார். முகம் மிகவும் கண்ணியமாக இருந்தது.

"பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றயா, அம்மணி?"

"பொய் இல்லீங் மாமா. அத்தை பேசி நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"பேசியிருப்பா. நான் கேட்டன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? முப்பத்தொரு வருசம் ஒரே வூட்டுல இருந்திருக்கறேன். ஒரு நாளு கேட்டதில்ல. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். வாயை அசைக்கவில்லை. அவள் வாயை அசைக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. உள்ளே போய்க் குக்கரின் முன்னால் நின்று விசிலை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினாள்.

அன்று இரவு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததற்கு வருந்துகிறேன்.

இன்று வியாழன். மூன்றரை மணிக்குக் கவுண்டர் அம்மா வந்துவிட்டார். கார் போர்டிகோவில் நின்றது. அதன் கையுறைப் பெட்டியைத் திறந்துகொண்டு முத்திரையும் மைப்பெட்டியுமாக வெளியே இறங்கினார். பூவை முடித்துத் தலையில் வைத்திருந்தார். மாமா அவருக்கு நாற்காலி போட்டார். நான் பார்த்தவரை மாமா யாருக்கும் நாற்காலி போட்டதில்லை.

"நாலு மணிக்கு முத்திரை. அதுக்குள்ள குரலு வந்துட்டாச் சரி," என்றார் அந்த அம்மா. மனுவை மடியில் வைத்துக்கொண்டார்.

பட்டியலில் எட்டாவது படி பாக்கி இருந்தது. ட்வீட்டரில் மின்சாரம் வருகிறதா என்று அளந்து பார். தனசேகர் சாரைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டிப் பாட்டைப் போட்டு, இடது கதவைத் திறந்து சாரின் இரண்டு முனைகளையும் வயரில் வைத்தேன்.

"வருதும்மா. நல்லா வருது. குறையே இல்ல," என்றார் சார்.

"அப்பறம் ஏனுங் சத்தம் வரல?"

"என்னக் கேட்டா? நான் மல்டிமீட்டரு. வருதா இல்லையான்னுதான் சொல்ல முடியும். கண்ணால பாத்தியா?"

"பாத்துட்டனுங். முதல் நாளே. டிக் போட்டிருக்கறனுங்."

மூன்று நாற்பது. அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். அதை என் நெற்றிக்குக் கொண்டுபோனாள். நான் வைத்திருந்த பொட்டைத் தொடவைத்தாள். பிறகு அதே விரலைக் கதவு மூலைக்குக் கொண்டுபோனாள். ட்வீட்டரின் மேல் வைத்தாள்.

அது சொரசொரப்பாக இருந்தது. சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து தட்டை முறுக்கு போல இறுகி, ட்வீட்டரின் சல்லடை முழுவதையும் அடைத்திருந்தது. வட்டம் மிகச் சரியாக இருந்தது. நான் வைத்ததிலேயே அழகான பொட்டு அதுதான். வலது கதவைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று.

நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எண்ணிக்கை இடிக்கவில்லை. முதல் நாள் கண்ணால் பார்த்தபோது இவை இரண்டையும் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. மங்களகரமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எட்டு நாளாக நெற்றியைத் தொட்டுக் காட்டிய முகம். தைலம் தேய்த்த இடத்தில் தோல் சிவந்திருந்தது.

துணியை எடுக்கப் போனேன். மாமா எழுந்துவிட்டார்.

"அம்மணி! பூசைப் பொட்ட அழிக்கக் கூடாது. தானா உதிரணும். குடும்பத்துக்கு ஆகாது."

"அழிக்கறதுக்கு அனுமதிப் படிவம் இருக்குதுங்," என்றார் கவுண்டர் அம்மா. "இருவது நாளாகும்."

மூன்று நாற்பத்தாறு. நான் பட்டியலைப் பார்த்தேன். இதற்குப் படி இல்லை. தப்பாகிவிட்டால் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கட்டைவிரலை நாக்கில் நனைத்தேன். இடது ட்வீட்டரின் பொட்டைச் சுரண்டித் துடைத்தேன்.

முதலில் கொசு வந்தது. எட்டு நாள் கொசு. பிறகு குக்கர் விசில், ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுப்பன்னிரண்டு. எண்ணினேன். பிறகு ஒரு ஜால்ரா. பிறகு அத்தை. அவள் உதட்டிலிருந்து இல்லை. இடது பக்கக் காற்றிலிருந்து. தேங்கியிருந்ததெல்லாம் தேதிவாரியாக வந்தது. முதலில் பூஜையன்று மாலை ஆறு மணியுடையது.

"கண்ணு, அதும்மேல வெக்காத, அது ஸ்பீக்கரு! அய்யோ, வெச்சுட்டயா? சேரி, இன்னொண்ணுலயாச்சும் வெக்காம— அடக் கெரகமே."

அதன்பிறகு வியாழனுடையது. "அந்தப் பொட்டத் தொடச்சு உடு கண்ணு." வெள்ளியுடையது. "ரெண்டு பொட்டையும் தொடச்சு உடு கண்ணு." சனியுடையது. "தலவலி இல்ல கண்ணு, பொட்டு, பொட்டு." மொத்தம் முப்பத்தேழு முறை பொட்டு. செவ்வாயன்று மாமாவைப் பற்றி நான்கு நிமிடம். அதை இங்கே எழுதவில்லை.

கவுண்டர் அம்மா மைப்பெட்டியைத் திறந்து முத்திரையை ஓங்கியிருந்தார். அவர் நாற்காலி காரின் வலது பக்கம் இருந்தது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் நாற்காலியை அவரோடு சேர்த்து இடது பக்கம் இழுத்தேன். மூன்று ஐம்பத்தொன்பது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். மனுவைப் பிரித்தார்.

"அந்தப் பொட்டத் தொடச்சு உடு கண்ணு," என்று படித்தார். "சரியா இருக்குதுங். ஒத்துப்போகுது."

கேட்டிலிருந்த நோட்டீஸைக் கிழித்துவந்து அதன் பின்னாலேயே எழுதி முத்திரை குத்தினார்: குரல் உண்டு. இடது பக்கம் மட்டும் செல்லும். பிறகு கையுறைப் பெட்டிக்குள் ஏறி மூடிக்கொண்டார்.

அத்தை வலது பக்கத்தைக் காட்டினாள். "அதையும் தொடச்சு உடு கண்ணு," என்றாள். இது இன்றைய பேச்சு. இப்போது உதட்டோடு ஒத்து வந்தது.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங் அத்தை."

அத்தை காட்டிய கையை இறக்கினாள். "உன்னைய அந்த வகுப்புக்கு அனுப்புனது நான்தான?" என்றாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்குங்க. அவ வகுப்புக்குப் போவா. இன்னைக்கும் போவா, நாளைக்கும் போவா."

மாமா தன் நாற்காலியைத் தூக்கினார். காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். நிதானமாக உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா அம்மணி?" என்றார்.

கைப்பையில் சார் 1.5 காட்டினார்.

நாளை: வலது ட்வீட்டர். ஈரத்துணி, பழைய பல் பிரஷ். மாமா எழுந்திருப்பதற்கு முன்.